சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஜனவரி 3, புதன்

வக்கீல் சிட்டிபாபு சொன்னதால்தான் இந்த டைரி. எழுதுவதில் எனக்கு ஆசை எதுவும் கிடையாது. "அர்த்தநாரி சார், பிரதிவாதி பண்ற அத்துமீறலை எல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க. கூண்டுல ஏறி நின்னுட்டு ஞாபகமில்லைன்னு முழிக்கக் கூடாது" என்றார். பிரதிவாதி என்பது என் தம்பி குழந்தைவேலு. இனி பிரதிவாதி என்றே எழுதுவேன். பேரை எழுதக் கை கூசுகிறது.

முதலில் விவரம். அப்பா இருந்தவரை எங்களுக்கு ஒரே சேகோ ஆலை, மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்கிற ஆலை. அவர் போனதும் பாகம் பிரித்தோம். ஆலை எனக்கு, பக்கத்துக் குடோனும் காலி இடமும் அவனுக்கு. அவன் அங்கே மாட்டுத்தீவன மில் போட்டு, ஒட்டியே வீடும் கட்டிக்கொண்டான். ஆத்தூர் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு பேருக்கும் வர ஒரே தடம்தான், அகலம் இருபதடி. இரண்டு பக்கமும் மதில். பத்திரத்தில் 'பொதுத் தடம்' என்று இருக்கிறது. கிழங்கு ஏற்றிய வண்டி ஒரு ஓரமாக உள்ளே வரும், காலி வண்டி மறு ஓரமாக வெளியே போகும். இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

தீபாவளிக்கு முன்னால் அவனுடைய லாரி என் டிராக்டர்களை அரை நாள் மறித்து நின்றது. கேட்கப் போனால், "இதென்ன உங்கப்பன் ஊட்டுத் தடமா?" என்றான். அவனுக்கும் அதே அப்பன்தான் என்பது கோபத்தில் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. கேஸ் போட்டேன். தடத்தில் யாரும் எதையும் கட்டக் கூடாது, மாற்றக் கூடாது என்று கோர்ட்டில் ஸ்டே கொடுத்திருக்கிறார்கள்.

இன்று சர்வேயரை வைத்து அளந்து, நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். சுண்ணாம்பு கட்டடம் ஆகாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். மேற்குப் பத்தடி எனக்கு, கிழக்குப் பத்தடி அவனுக்கு.

ஜனவரி 4, வியாழன்

காலையில் கிழங்கு தோல் சீவ வரும் பெண்கள் எல்லாரையும் நிறுத்திச் சொன்னேன். நம் ஆலைக்காரர்கள் நம் பக்கம்தான் நடக்க வேண்டும், ஒரு கால்கூட கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், பார், இவர்கள் என் நிலத்தில் நடந்துதான் பிழைக்கிறார்கள் என்று நாளைக்கு அவன் கோர்ட்டில் சொல்லுவான்.

அஞ்சலைக்கு மட்டும் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். வண்டி வந்தால் நாங்கள் எங்கே போவது என்றாள். மதிலோடு ஒட்டி நில் என்றேன். "டிரெய்லருக்கும் மதிலுக்கும் நடுவால ஒரு பூனை போறதுக்குக்கூட எடமில்லீங்களே மொதலாளி" என்றாள். அப்படியானால் பூனையைவிட வேகமாக வா என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பத்து வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறாள், வாய் மட்டும் குறையவில்லை.

ஜனவரி 6, சனி

புதுத் தலைவலி. கிழங்கைக் கொட்டிவிட்டு வண்டி திரும்ப இடமில்லை. ஆலைக்குள் களமும் கிழங்குக் குவியலும்தான் இருக்கின்றன. திருப்பும் இடம் பிரதிவாதியின் கேட்டுக்கு முன்னால், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே வேண்டுமென்றே ஒரு ஓட்டை லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். அது இல்லாவிட்டாலும் நான் அங்கே என் வண்டியைத் திருப்ப மாட்டேன். அவன் இடத்தில் திருப்பித்தான் ஆலை ஓட்ட வேண்டுமென்றால் ஆலையையே மூடிவிடலாம்.

காலி வண்டியை மெயின் ரோடு வரை ரிவர்ஸிலேயே எடுக்கச் சொன்னேன். டிரைவர் மாதேஸ் தலையைச் சொறிந்தான். டிரெய்லரைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் பின்னால் போனால் ஒன்றும் தெரியாது என்றான். வாட்ச்மேன் குப்பனுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்து, வண்டிக்குப் பின்னால் ஊதிக்கொண்டே நடக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 8, திங்கள்

பிரதிவாதியின் லாரிச் சக்கரம் ஒரு முழம் கோட்டைத் தாண்டியது. போட்டோ எடுத்தேன்.

ஜனவரி 11, வியாழன்

காலையில் பெண்கள் வந்துகொண்டிருக்கும்போதே மாதேஸ் வண்டியை ரிவர்ஸ் எடுத்துவிட்டான். குப்பன் பீடி பற்ற வைக்கத் திரும்பிய நேரம். டிரெய்லர் மூலை அஞ்சலையின் சோற்றுக் கூடையைத் தட்டி நசுக்கிவிட்டது. அவள் அந்தப் பக்கமாகத் தாவிவிட்டாள். காயம் ஒன்றுமில்லை.

கோட்டைத் தாண்டி அவன் பக்கம் விழுந்து கிடந்தவளை, எழுந்து இந்தப் பக்கம் வா என்று சத்தம் போட்டேன். எழுந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாதேஸ் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டு அரை மணி நேரம் வண்டி எடுக்கவில்லை. அவனையும் இரண்டு வார்த்தை கேட்டேன். பிரதிவாதி அவன் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்தானா என்று தெரியவில்லை. சிரித்திருப்பான்.

மதியம் சோறு கொண்டுவந்த என் சம்சாரம் ருக்குமணி, அஞ்சலைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வீடு மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அதற்குள் யார் சொன்னார்கள் என்றேன். ஊரே சொல்கிறது என்றாள். ஊருக்கு வேறு வேலை இல்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஆலை லீவு. ருக்குமணி இரண்டு பானை வைத்தாள். இருக்கிற இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு பானை என்றேன். பழக்கதோஷம் என்றாள். சாயங்காலம் ஒரு பானையைக் காணோம். யார் வீட்டுக்குப் போனது என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 18, வியாழன்

பிரதிவாதியின் அக்கிரமம் எல்லை மீறிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால், கிழக்கு மதிலை ஒட்டித் தடம் முழுக்க நாலடி அகலத்துக்குக் கிராவல் கொட்டி மேடாக்கி, ஓரத்தில் முட்டி உயரத்துக்குக் கல் நட்டு வெள்ளை அடித்திருக்கிறான். நடைபாதையாம். லாரிச் சக்கரம் ஏற முடியாதபடி கல் நெருக்கமாக இருக்கிறது. வேலைக்கு ஆள் வரும்போதும் போகும்போதும் வண்டி எதுவும் நகரக் கூடாது என்று அவன் டிரைவர்களுக்கு உத்தரவு வேறு போட்டிருக்கிறானாம். பெரிய தர்மப்பிரபு.

என் ஆலைப் பெண்கள் எல்லாரும் சொல்லி வைத்தமாதிரி அந்தப் பாதையில் வரிசையாக வந்தார்கள். அஞ்சலை முதலில். என் ஆட்களுக்கு அவன் வழி போட்டுக் கொடுப்பதா? ஸ்டே இருக்கும்போது மண் கொட்டினானே, கல் நட்டானே என்று வக்கீலுக்குப் போன் போட்டேன். வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். வசமாக மாட்டினார் என்றார். எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்தேன்.

ஜனவரி 22, திங்கள்

நாலு நாளாகக் காலையில் தட முனையில் குடை பிடித்துக்கொண்டு நானே நிற்கிறேன். வருகிறவர்களை எல்லாம் நம் பக்கம் திருப்பி விடுகிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பக்கம் நடக்க ஆசையிருந்தால் அந்த மில்லிலேயே வேலை கேட்டுக்கொள்ளட்டும் என்று சொன்னேன். கேட்டோம், ஆள் வேண்டாம் என்றுவிட்டார் என்றாள் அஞ்சலை. கேட்டே விட்டாளாம்.

ஜனவரி 24, புதன்

இதை எழுதாமல் விடலாம். ஆனால் நடந்ததை எழுத வேண்டும் என்பது வக்கீலின் உத்தரவு.

மதியம் ஆபீஸ் ஜன்னலில் நின்றபோது தடத்தில் ருக்குமணி வருவது தெரிந்தது. கையில் சோற்றுத் தூக்குப்போசி. வெள்ளைக் கல்லுக்கு அந்தப் பக்கம், பிரதிவாதியின் பாதையில், கோயிலுக்குப் போகிற மாதிரி நிதானமாக நடந்து வந்தாள். எத்தனை நாளாக நடக்கிறாளோ! அவன் மில் கேட்டைத் தாண்டும்போது உள்ளே பார்த்துத் தலையை வேறு ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உங்க சம்சாரமே எங்க பாதையிலதான் நடக்கறாங்கன்னு நாளைக்குக் கூண்டுல நிறுத்திக் கேட்பான். என்ன பதில் சொல்லுவேன்?"

"அந்தப் பக்கம் பயமில்லாம நடக்கலாமுங்க. அதான் நடந்தேன்."

பிள்ளை இல்லாத வீட்டில் அவனைப் பிள்ளையாக வைத்துச் சோறு போட்டவள் இவள். அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்த வீட்டுக்கு வந்தாள். அந்தச் சோறுதான் இன்று என்மேல் பாய்கிறது என்றேன். இன்னும் நிறைய சொன்னேன். கடைசியாக, நாளையிலிருந்து நீயும் நம் பக்கம்தான் நடக்க வேண்டும், வண்டி வந்தால் மதிலோரம் நிற்க வேண்டும் என்றேன். சரிங்க என்றாள். சரி என்று சொன்னால் செய்கிறவள்தான்.

ஜனவரி 30, செவ்வாய்

ஜெயித்தேன். வக்கீல் நோட்டீஸுக்கும் போலீஸ் புகாருக்கும் பலன் கிடைத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பிரதிவாதியைக் கூப்பிட்டு, கோர்ட் உத்தரவு இருக்கும்போது இதெல்லாம் ஆகாது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவன் ஆட்களே கடப்பாரை போட்டுக் கல்லைப் பிடுங்கினார்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிக் கல் வரை பார்த்தேன்.

போகிற போக்கில் பிரதிவாதி என் முன்னால் நின்றான். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரக் கேக்கறதுங்க?" என்றான். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் பேசி மூன்று மாசம் ஆகிறது. பேசியது இவ்வளவுதான்.

ஆலையில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுக்கச் சொன்னேன். அஞ்சலை, பல் வலிக்கிறது என்று வாங்கவில்லை. ருக்குமணியும் வாங்கவில்லை. அவளுக்குப் பல் வலியும் இல்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

கிழங்கு வரத்து அதிகம். தலைக்கு மேல் வேலை.

பிப்ரவரி 5, திங்கள்

மதியம் ஜன்னலில் நிற்பது ஒரு பழக்கமாகிவிட்டது. ருக்குமணி சொன்ன சொல் மாறாமல் நம் பக்கம்தான் வருகிறாள். கோட்டுப் பக்கம்கூட நெருங்குவதில்லை. வண்டி பின்னால் வந்தால் மதிலோடு முதுகை ஒட்டி, தூக்குப்போசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். டிரெய்லர் அவள் சேலையை உரசுகிற மாதிரி போகிறது. போன பிறகு சேலையில் மண்ணைத் தட்டிவிட்டு நடக்கிறாள்.

பார்க்க என்னவோ போலிருந்தது. அந்த நேரத்தில் வண்டியை எடுக்காதே என்று மாதேஸிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். அவளுக்காகச் சொன்னால் தோல் சீவுகிறவர்களுக்கும் சொல்ல வேண்டி வரும். பிரதிவாதி போட்ட உத்தரவைப் பார்த்து நானும் போட்டேன் என்று ஆகிவிடும். சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் இருக்கிறேன்.

பிப்ரவரி 7, புதன்

சொல்ல மறந்துவிட்டேன். குப்பன் தை அமாவாசைக்குக் காவிரிக்குப் போக லீவு கேட்டான். கொடுத்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

ருக்குமணிக்கு அடிபட்டுவிட்டது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. இதை வக்கீலிடம் காட்ட முடியாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அன்று அமாவாசை என்பதால் அப்பாவுக்குப் படையல் போட்டுவிட்டு, சோறு கொஞ்சம் தாமதமாகும் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. எடை போடுகிற இடத்தில் ஒருவனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் கத்துகிற சத்தம் கேட்டது. கிழங்குக் குவியல் சரிந்துவிட்டது என்று நினைத்துத்தான் ஓடினேன்.

டிரெய்லர் மதிலோரம் சாய்ந்து நின்றிருந்தது. அதற்கும் மதிலுக்கும் நடுவில் அவள் இருந்தாள். விழுவதற்குக்கூட இடமில்லாமல் நின்றபடியே இருந்தாள். கண் திறந்திருந்தது. மாதேஸ் கீழே குதித்து, வண்டியை முன்னால் எடுக்கவும் தெரியாமல், என்ன செய்வது என்றும் தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டான். அஞ்சலை அவனைப் பிடித்து டிரைவர் சீட்டில் ஏற்றிவிட்டு, முன்னால் எடு, மெதுவாக எடு என்று சொல்லிச் சொல்லி எடுக்க வைத்தாள். நான் சும்மா நின்றேன். அந்த இடத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை. பத்தடியும் காலியாகக் கிடந்தது. எனக்கு அதுதான் தெரிந்துகொண்டே இருந்தது.

குழந்தைவேலு செருப்பில்லாமல் ஓடி வந்தான். அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டே அவளைத் தூக்கி அவன் காரில் படுக்க வைத்தான். அவன் சம்சாரம் பின்னால் ஏறித் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அப்போதும் நின்றுகொண்டிருந்தேன். "ஏறுங்க" என்றான். முன் சீட்டில் ஏறினேன். சேலம் போகிற வழியில் வாழப்பாடி தாண்டும்போது ருக்குமணி, சோறெல்லாம் கொட்டிப் போச்சே என்றாள்.

இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உடைந்திருக்கின்றன. ஆபரேஷன் முடிந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். நடப்பதைப் பற்றிக் கேட்டேன். அதை அப்புறம் பார்க்கலாம் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சின் அந்த முனையில் அவன், இந்த முனையில் நான். காபி குடிக்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அந்தப் பாதையப் போடச் சொன்னதே அண்ணிதான். அஞ்சலை தப்பிச்ச அன்னைக்கு ஊட்டுக்கு வந்தாங்க. ஆலைப் பொம்பளைங்க நடக்க ஒரு வழி போட்டுக் குடு வேலு, உங்கண்ணன் செய்ய மாட்டாருன்னு சொல்லி அழுதாங்க. அவங்க கேட்டாங்கன்னு போட்டேன். உங்களுக்காகப் போடல."

எழுந்து போய் இரண்டு காபி வாங்கி வந்து, ஒன்றை அவன் பக்கம் பெஞ்சில் வைத்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

மாதேஸைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவன் சம்சாரம் கைக்குழந்தையோடு ஆலை வாசலில் நிற்கிறாள்.

வக்கீல் போன் செய்தார். ருக்குமணியிடம் வாக்குமூலம் வாங்க நாளைக்கு எஸ்.ஐ. வருவாராம். பிரதிவாதியின் லாரி தடத்தில் குறுக்கே நின்றது, அதனால்தான் டிராக்டரை மதிலோரம் ஒதுக்க வேண்டி வந்தது என்று ருக்குமணி வாயால் ஒரு வரி வந்துவிட்டால் போதும் என்றார். "நமக்கு நல்ல பாயிண்ட் சார் இது" என்றார். நல்ல என்ற வார்த்தை காதில் உறுத்தியது. தடத்தில் லாரி எதுவும் குறுக்கே நிற்கவில்லையே என்றேன். பார்த்தது யார் என்றார். சொல்லிப் பார்க்கிறேன் என்று போனை வைத்தேன்.

பிப்ரவரி 14, புதன்

எஸ்.ஐ. வருவதற்கு முன்னால் போய்விட்டேன். குழந்தைவேலுவின் சம்சாரம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு வெளியே போனாள். ருக்குமணி முகம் வெளுத்துக் கிடந்தது. எப்படி இருக்கிறது என்றேன். வலிக்கிறது என்றாள். ஆலை ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறது என்றேன்.

பிறகு வக்கீல் சொன்னதைச் சொன்னேன். நேராகச் சொல்லாமல், சுற்றி வளைத்து, எல்லாம் நம் குடும்பத்துக்குத்தான் என்கிற மாதிரி சொன்னேன். நான் முடித்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க நடக்கச் சொன்ன பக்கம் நடந்தேன். நிக்கச் சொன்ன எடத்துல நின்னேன். இப்ப சொல்லச் சொல்றதையும் சொல்லோணுமுங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டாள். சொல்லு என்று நான் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பாள். அது எனக்குத் தெரியும்.

வேண்டாம் என்றேன்.

எஸ்.ஐ. வந்து கேட்டபோது, டிரைவர்மேல் தப்பில்லை, பின்னால் ஆள் நிற்பது அவனுக்குத் தெரியாது, விசில் ஊதுகிற ஆளும் இல்லை, எங்கள் வீட்டுக்காரர் சொன்ன பக்கம் நடந்தேன் என்று சொன்னாள். எஸ்.ஐ. எழுதிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். வண்டியை ரிவர்ஸில் எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். வாட்ச்மேனுக்கு லீவு கொடுத்தது? அதுவும் நான்தான்.

பிப்ரவரி 17, சனி

மாதேஸை ஜாமீனில் விட்டுவிட்டார்கள். என் பேரையும் கேஸில் சேர்த்திருக்கிறார்கள். வக்கீல் கத்துகிறார்.

மாதேஸ் வந்து டிராக்டர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். இனி வண்டியே தொட மாட்டானாம். இருந்துவிட்டுப் போடா என்று சொல்ல நினைத்தேன். அவன் நிற்கவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

நேற்றும் இன்றும் தோல் சீவ ஒருத்தியும் உள்ளே வரவில்லை. எல்லாரும் தட முனையில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிழங்கு கருக்கிறது. கருக்கட்டும் என்று நேற்று இருந்துவிட்டேன். இன்று போனேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அஞ்சலை மட்டும் பேசினாள்.

"எந்தப் பக்கமா நடக்கோணும்னு சொல்லுங்க மொதலாளி. அம்மா நடந்த பக்கமுங்களா?"

பழைய நாளாக இருந்தால் அவளை அப்போதே வேலையைவிட்டு அனுப்பியிருப்பேன். இரண்டு நாள் பொறுங்கள், கூலி உண்டு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

தடத்துக் கேஸை வாபஸ் வாங்கிவிட்டேன். வக்கீல் மூஞ்சி போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஜெயிக்கிற கேஸ் சார் என்று மூன்று தடவை சொன்னார். ஜெயித்ததைத்தான் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் குழந்தைவேலு நின்றான். இனித் தடம் பழைய மாதிரியே இருக்கட்டும் என்றேன். "கேஸ வாபஸ் வாங்குனா அண்ணி எந்திரிச்சு நடந்துருவாங்களா?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினான். நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வந்தது.

பிப்ரவரி 24, சனி

அவன் கேட்டுக்கு முன்னால் நின்ற ஓட்டை லாரியைக் காணோம். எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. இனி வண்டி அங்கே திரும்பி முன்னால் பார்த்துக்கொண்டு வெளியே போகலாம்.

மேற்கு மதிலை ஒட்டி, என் பத்தடியில், கல் நட்டுக் கிராவல் கொட்ட நேற்றே ஆள் விட்டேன். ஆள் வரும்போதும் போகும்போதும், மதியம் சோறு வருகிற நேரத்திலும் வண்டி நகரக் கூடாது. அவன் நாலடி போட்டான். நான் ஐந்தடி போட்டிருக்கிறேன். மேஸ்திரி எதற்கு ஐந்து என்றான். போடச் சொன்னால் போடு என்றேன்.

இன்று பெண்கள் அதில் நடந்து உள்ளே வந்தார்கள். யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

மார்ச் 1, வெள்ளி

ருக்குமணியை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நான் வண்டி ஏற்பாடு செய்திருந்தேன். வீட்டில் கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டு, சமைக்க ஆளும் வைத்திருந்தேன். அவள் வேலு வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எத்தனை நாளைக்கு என்றேன். தெரியலைங்க என்றாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். "ஆமாங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயில் இந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

நான் முன்னாலேயே வந்து தட முனையில் நின்றேன். எல்லா வண்டியையும் நிறுத்தச் சொல்லியிருந்தேன். பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு மதிலோரம் வந்து நின்றார்கள். குழந்தைவேலுவின் கார் வந்தது. பின் சீட்டில் தலையணைக்கு நடுவில் அவள் சாய்ந்திருந்தாள். புதுப் பாதையைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். கண்ணை மூடியிருந்தாள். கார் என்னைத் தாண்டி அவன் கேட்டுக்குள் போயிற்று, உள்ளேயிருந்து கேட்டைச் சாத்தினார்கள்.

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது தெரிந்தது. நான் தடத்தில் நடந்தேன். எந்தப் பக்கம் நடந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கேட்டுக்கு முன்னால் போய் நின்று தட்டினேன். யாரும் வரவில்லை. மறுபடியும் தட்டினேன்.